கடைசித் தாள்

சென்ற மாதம் சென்னையிலிருந்து ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்டார்: “சார், எல்லா புக்குலயும் கடைசிப் பக்கத்த போட்டோ எடுத்து அனுப்புங்க.” இரண்டு நாள் நான் பதில் போடவில்லை. கடைசிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் சிக்கலான விஷயம்.

அவர் நல்ல மனிதர். பழைய படக்கதைப் புத்தகங்களைச் சேர்க்கிறவர். என்னை ‘சார்’ என்று கூப்பிட்ட முதல் ஆளும் அவர்தான். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. வேலை கடல். இப்போது முழங்கால் விடுவதில்லை, மன்னார்ப் பக்கம் பேசாலையில் வீட்டோடு இருந்து வலை பொத்துகிறேன்.

விற்கிற யோசனை கூரையால் வந்தது. பின்னறைக் கூரை ஒழுகுகிறது. அங்கேதான் புத்தகப் பெட்டி. நனையாமல் இருக்கட்டும் என்று பெட்டியைக் கட்டிலில் ஏற்றினேன். மனைவி பாயில் இறங்க வேண்டி வந்தது.

“கட்டில் எனக்கோ பெட்டிக்கோ எண்டு இண்டைக்கே சொல்லிப் போடுங்கோ” என்றார்.

நான் கொஞ்சம் யோசித்தேன். யோசித்தது பிழை. கூடாத பேச்செல்லாம் கேட்டேன். பிறகு வழி தெரிந்தது. புத்தகத்தை விற்றால் கூரைக்குத் தகரம். விற்காவிட்டால் இரண்டு மாரியில் புத்தகமும் இல்லை.

ஆனால் புத்தகம் எனக்கு மட்டும் சொந்தமில்லை. மூன்று பங்கு. ஒன்று எனக்கு. ஒன்று சிலாவத்துறையில் கடை வைத்திருக்கும் என் கூட்டாளி நிஸ்தாருக்கு. ஒன்று அவனுடைய அக்கா ஹசீனாவுக்கு. அவரை அவன் ராத்தா என்பான், நானும் ராத்தா என்பேன். நிஸ்தார் உடனே சரி என்றான். அவனே படம் எடுத்துப் பழைய புத்தகம் சேர்ப்பவர்களின் முகநூல் குழுவில் போட்டான். நாற்பத்தொரு புத்தகத்தையும் பாயில் பரப்பி எடுத்த படம். மூலையில் என் கால் பெருவிரலும் விழுந்துவிட்டது. ‘விரலும் சேர்த்தா விலை?’ என்று ஒருவர் கீழே எழுதியிருந்தார்.

சென்னைக்காரர் அப்படித்தான் வந்தார். முதல் கேள்வி, புத்தகம் குத்தியிருக்கும் கம்பிப் பின் ஒரிஜினலா என்பது.

எங்கள் பக்கத்தில் பின் நிலைக்காது நண்பரே. உப்புக் காற்று ஒரு மாரியில் தின்றுவிடும். துரு தாளையும் சேர்த்துத் தின்னும். அதனால் நாங்கள் எல்லாப் பின்னையும் கழற்றி எறிந்துவிட்டு வலை நூலால் தைத்தோம். போட்டதும் வலை முடிச்சுத்தான். இழுத்தால் நூல் அறும், முடிச்சு அவிழாது. பெரிய கெட்டிக்காரர் என்று எங்களுக்கு நினைப்பு. படத்தைப் பார்த்துவிட்டு அவர் “ஐயோ சார்” என்று மட்டும் எழுதினார்.

அடுத்த கேள்வி வாசம். “புத்தகத்துல வாசம் எதாவது வருமா சார்?”

“வரும்.”

“என்ன வாசம்?”

“எந்தப் புத்தகம் எண்டு சொல்லுங்கோ.”

அவர் பகிடி என்று நினைத்தார். நான் உண்மையைத்தான் சொன்னேன். பேய்க்கதை கொத்தமல்லி மணக்கும். குதிரைக்காரன் கதை கருவாடு. துப்பறியும் கதை ஒன்று இருக்கிறது, திறந்தால் இப்போதும் தும்மல் வரும். அது மிளகாய்த்தூள்.

அந்த மணம் வந்தது நிஸ்தாரின் வாப்பா கடையால். வாடைக் காற்று எழும்பினால் பேசாலையில் எங்கள் கரைக் கடல் அடங்காது. அப்பாவும் சித்தப்பாவும் வள்ளத்தைத் தெற்குக் கரைக்குக் கொண்டுபோவார்கள். நாங்கள் சட்டி பானையோடு பஸ்ஸில் போவோம். சிலாவத்துறைக் கரையில் ஓலைக் கொட்டில் போட்டு மூன்று நாலு மாதம் இருப்போம். பள்ளிக்கூடம் பேசாலையில் நிற்கும், நான் சிலாவத்துறையில் நிற்பேன். ஐந்தாம் வகுப்போடு நின்றதற்கு அதுவும் காரணம். மற்றக் காரணம் நான்.

கடைக்குச் சாமான் சுற்றக் கொழும்பிலிருந்து பழைய பேப்பர் கட்டு வரும். கட்டுக்குள்ளே படக்கதைப் புத்தகங்கள் கிடக்கும். பார்த்தவுடன் நிஸ்தாரும் நானும் பாய்வோம். வாப்பாவின் கை எங்களைவிடக் கெதி. அவர் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துப் பின்னாலிருந்து கிழிப்பார். ஏன் பின்னாலே என்று ஒருநாள் நிஸ்தார் கேட்டான்.

“முன்தாள் தடிச்ச அட்டையடா. சுருட்டினா நிமிரும்” என்றார்.

அதுதான் காரணம். அதனால் சிலாவத்துறைக்கு வந்த கதை ஒன்றுக்கும் முடிவில்லை. முடிவெல்லாம் கால் றாத்தல் மிளகாய்த்தூளைச் சுற்றிக்கொண்டு ஊருக்குள் போய்விடும்.

நாங்கள் பின்னாலே ஓடுவோம். ஆர் என்ன வாங்கினது என்று நிஸ்தாருக்கு நினைவிருக்கும். வீட்டு வாசலில் நின்று, “மாமி, மல்லி சுத்தின தாள் இருக்கோ?” என்று கேட்போம். சில வீட்டில் தாள் அடுப்புக்குள் போயிருக்கும். சில வீட்டில் தருவார்கள். ஒரு மாமி இருந்தார், பெரிய உடம்பு, சின்னக் குரல். அவர் சும்மா தரமாட்டார்.

“காசு குடுத்தது நான். தாளும் எனக்குத்தான். வேணுமெண்டா வாசிச்சுக் காட்டு.”

வாசித்தோம்.

“இவன் ஏன் இவளைக் கட்டி வச்சிருக்கிறான்?”

“அது முன்னுக்கு இருக்கு மாமி. புத்தகம் கடையில.”

“அப்ப போய் எடுத்திட்டு வா. வந்து முதல்ல இருந்து வாசி.”

எடுத்து வந்தோம். வாசித்து முடிய அடுத்த வீட்டு ஆட்களும் வந்து இருந்துவிட்டார்கள். ஒருவர் சுளகோடு வந்திருந்தார், அரிசி புடைக்கிற சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று சண்டை வந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படித்துத் தேறியது அந்த வாசலில்தான். ஆசிரியரிடம் தேறியிருந்தால் இவ்வளவு தும்மியிருக்க மாட்டேன்.

கிடைத்த தாளைத் தைத்துவிடுவோம். கிடைக்காததுக்கு ராத்தா.

ராத்தா எங்களைவிட நாலைந்து வயது மூப்பு. பெரிய பிள்ளையாகி வீட்டோடு இருந்தார். பெட்டி அவருடையது. தேயிலை வந்த பலகைப் பெட்டி, உள்ளே ஈயத்தாள் ஒட்டியது. கடலில் வள்ளத்துக்கு ஒரு பங்கு உண்டு, வலைக்கு ஒரு பங்கு உண்டு. அதைப் பார்த்துப் படித்த ராத்தா பெட்டிக்குப் பங்கு கேட்டார். முதல் வாசிப்பு தனக்கு என்றார். குடுத்தோம். குடுக்காவிட்டால் பெட்டி இல்லை.

முடிவில்லாத புத்தகத்தை அவர் இரண்டு நாள் வைத்திருப்பார். பிறகு கொப்பித் தாளிலோ கடைக் கணக்குத் தாளின் பின்பக்கத்திலோ கட்டம் கீறி, படம் கீறி, பேச்சும் எழுதித் தருவார். ராத்தா குதிரையைக் கண்டதில்லை. மன்னாரில் கழுதைதான். அதனால் முப்பது பக்கம் குதிரையில் வந்த ஆள் கடைசித் தாளில் கழுதையில் வருவான். காது நீளம், முகம் சோகம். நாங்கள் ஒன்றும் கேட்டதில்லை. தூரம் வந்த குதிரை அப்படித்தான் ஆகும் என்று இருந்துவிட்டோம்.

அவருடைய முடிவில் ஒருவரும் சாகமாட்டார்கள். கெட்டவன் திருந்துவான். திருந்தினால் சிலாவத்துறைக்கு வந்து கடை போடுவான். ஒரு வருடத்தில் எங்கள் கணக்குப்படி ஊரில் ஒன்பது கடை. “இவ்வளவு கடைக்கு ஆர் வாங்கிறது?” என்று வாப்பா கேட்டார். அவருக்கும் வாசித்துக் காட்டுவோம்.

வாடைக் காலம் பெட்டி சிலாவத்துறையில் இருக்கும். காற்று மாறி நாங்கள் திரும்பும்போது பேசாலைக்கு வரும். வருடா வருடம் அப்படி. பிறகு சண்டை தொடங்கிக் கடலுக்குத் தடை வந்தது, கரை மாறிப் போவது நின்றது, பெட்டி எங்கள் பக்கம் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு முஸ்லிம்களையெல்லாம் வெளியேற்றினார்கள், நிஸ்தாரின் ஆட்களும் ஊரைவிட்டுப் போக வேண்டி வந்தது. புத்தளத்தில் இருபது வருடம் இருந்தார்கள். நாங்களும் ஓடினோம். ஓடும்போது பெட்டியை வலைகளுக்கு அடியில் போட்டுவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது வலை ஒன்றும் இல்லை. பெட்டி இருந்தது. புத்தகம் யாருக்கு வேணும்.

இப்போது வேணும் என்று ஒருவர் வந்திருக்கிறார்.

மூன்றாம் நாள் கடைசிப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினேன். கறை பிடித்த தாளை அவர் பொறுத்துக்கொண்டார். பதினெட்டுப் புத்தகத்தில் ராத்தாவின் தாள். அதைப் பொறுக்கவில்லை. “சார், அந்தக் கிறுக்கல் தாளையெல்லாம் எடுத்துடுங்க. எடுத்தா நான் சொன்ன விலை. அதோடன்னா பாதிதான்.”

பாதி விலைக்குப் பாதிக் கூரைதான் போடலாம். எந்தப் பாதி நனைவது?

நிஸ்தாருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். “ராத்தாவிட்டக் கேக்கோணும் மச்சான்” என்றான்.

“நீ கேள்.”

“ஏன், பேசாலையில வாய் இல்லையோ?”

“உன்ட அக்கா.”

“உன்ட கூரை.”

பெட்டியோடு பஸ் ஏறினேன். ராத்தாவுக்கு அறுபத்தைந்து தாண்டிவிட்டது. கடைக்குப் பின்னால் கதிரையில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பெட்டியைக் கண்டதும் கையைச் சீலையில் துடைத்தார்.

“டேய் பேசாலையான். பெட்டிய எனக்குச் சொல்லாமல் விக்கப் போறியளாம்?”

“சொல்லத்தான் வந்தனான் ராத்தா.”

நான் வரும் வழியெல்லாம் சொல்லுச் சேர்த்து வைத்திருந்தேன். மெதுவாகச் சொல்ல இருந்தேன். உண்மையில் கூரை எனக்கு இரண்டாவதாகிவிட்டிருந்தது. இவரின் முகம் மாறினால் பெட்டியைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போவது, பாயில் நான் படுப்பது என்று முடிவு பண்ணியிருந்தேன். நிஸ்தாரின் வாய் முந்திவிட்டது.

“ராத்தா, உங்கட தாள் கிறுக்கலாம். கழட்டினாத்தான் முழு விலையாம்.”

வெங்காயம் நின்றது.

“ஆர் சொன்னது?”

“சென்னைக்காரன்.”

“நம்பரை எடு.”

எடுத்தோம். வேறு வழி இல்லை. அந்த மனிதர் “சொல்லுங்க சார்” என்றார். ராத்தா போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, கடலுக்குக் கூப்பிடுகிற குரலில் பேசினார்.

“தம்பி, நான் கிறுக்கின ஆள் கதைக்கிறன்.”

அந்தப் பக்கமிருந்து “மன்னிச்சுக்குங்கம்மா” என்று வந்தது.

“அது கிடக்கட்டும். உங்களிட்ட இந்தக் கதையளின்ட உண்மையான முடிவு இருக்கோ?”

“இருக்கும்மா. நான் எல்லாம் சின்ன வயசுலயே படிச்சிட்டேன். இது அட்டைக்காகத்தான் வாங்குறேன்.”

ராத்தா பெட்டிக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்தார். ஒற்றைக்கண் கப்பல்காரன் கதை. புதையலைத் தேடிப் போன எட்டுப்பேரும் ஒரு சமையல்காரனும் கப்பலில் மாட்டிக்கொள்வார்கள். அந்தத் தாள் எங்களுக்குக் கிடைக்கவே இல்லை. யாரோ வீட்டில் சீரகம் சுற்றிப் போனது. அட்டையில் இருந்ததைச் சொல்லி, “இதில கடைசியா என்ன நடக்கும்?” என்று கேட்டார்.

நாற்பத்தைந்து வருடம் கழித்துக் கேட்கிறார். நிஸ்தார் கடையில் வந்த ஆளை நிற்கச் சொல்லிக் கை காட்டினான்.

“கப்பல் வெடிச்சிடும்மா.”

“எல்லாரும்?”

“எல்லாரும் செத்துடுவாங்க.”

“அந்தச் சமையல்காரனும்?”

“ஆமாம்மா. அவனுந்தான்.”

ராத்தா புத்தகத்தைத் திருப்பித் தன் தாளைப் பார்த்தார். அதில் ஒற்றைக்கண்ணன் சிலாவத்துறைக் கரையில் இறங்கியிருந்தான். சமையல்காரன் எட்டுப்பேருக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தான். ஓரத்தில் ஒரு கழுதை.

“இதுக்கோ நாங்க வீடு வீடாய் ஓடினது” என்றார். “கதையிலயும் ஏன் தம்பி சாகோணும்? எழுத அலுப்பு வந்திட்டுது அவனுக்கு. அதுதான் வெடிக்க வச்சிட்டான். என்ட நல்லம்.”

சென்னைக்காரர் சிரித்தார். “உங்களோடதுல என்னம்மா ஆகும்?” என்று கேட்டார்.

“அது சொல்ல மாட்டன். நீங்கதான் வேண்டாமெண்டிட்டீங்களே” என்று போனை என்னிடம் தந்துவிட்டார்.

பிறகு வெங்காயக் கத்தியைத் துடைத்து எடுத்தார். நான் பயந்துபோனேன்.

“என்னடா பாக்கிறாய்? பிடி புத்தகத்தை. என்ட தாளையும் சேத்து அவனுக்குக் குடுக்க நான் என்ன விசரியோ?”

பதினெட்டையும் அவரே அறுத்தார். முடிச்சுக்குப் பக்கத்தில் நூலில் கத்தியை வைத்து ஒரே இழுவை. தாளை மடியில் போட்டுக்கொண்டு புத்தகத்தை எங்கள் பக்கம் எறிந்தார். காசில் பங்கு வேண்டாம் என்றார். “பெட்டிப் பங்கு எடுத்திட்டன்.”

புத்தகங்கள் சென்னை போய்ச் சேர்ந்தன. தகரம் ஏறியது. மனைவி கட்டிலில். பெட்டியில் இப்போது வலை நூல் கட்டைகள் இருக்கின்றன. அந்தப் பெரிய மாமி புத்தளத்தில் மௌத்தாகி அங்கேயே அடங்கிவிட்டார். நிஸ்தாரின் கடையில் எல்லாம் பிளாஸ்டிக் பையில் ஒட்டி வருகிறது, வாப்பாவின் கைக்கு வேலை இருந்திருக்காது. பேப்பர் கட்டு என்று ஒன்று வந்ததே நிஸ்தாரின் பிள்ளைகளுக்குத் தெரியாது. தெற்குக் கரைக்கு இப்போது ஆரும் கொட்டில் போடப் போவதில்லை.

அன்று வெளிக்கிடும்போது ராத்தா மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து எனக்குத் தந்தார். அதை அலுமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். நீளக் காது, பெரிய சட்டி, சுற்றி ஏழெட்டுப்பேர், கீழே ‘எல்லாரும் சாப்பிட்டார்கள்’. எந்தக் கதையின் முடிவு என்று எனக்கு நினைவில்லை. நிஸ்தாரைக் கேட்டேன், அவனுக்கும் இல்லை. புத்தகமும் கையில் இல்லை, வைத்துப் பார்க்க. ராத்தாவுக்குப் போன் எடுத்துக் கேட்டேன்.

“எதுக்கும் பொருந்துமடா” என்றார்.