ஏழு பேருக்கும் என் நம்பர்

என் செல்போன் எண்ணை யாருக்கும் லேசில் கொடுக்க மாட்டேன். திண்டிவனத்தில் ஒரு துணிக்கடையில் ரவிக்கைத் துணி எடுத்தபோது எண்ணும் பிறந்தநாளும் கேட்டார்கள். ஏதோ ஞாபகத்தில் கொடுத்துத் தொலைத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் என் வீட்டுக்காரர் கண் விழிக்கும் முன்பே அந்தக் கடை எனக்கு வாழ்த்துச் சொல்லிவிடுகிறது. அதனால் புதுசாக ஒரு ஆப்பில் சேரச் சொன்னாலே எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும்.

அப்படிப்பட்ட என் தலையில்தான் போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் அந்த வேலை விழுந்தது. எங்கள் ஊர் மாதா கோயில் பாடற்குழுவில் நாங்கள் ஏழு பெண்கள். பாட்டுப் பழக்குவது நான். விழுப்புரத்தில் ஒரு மண்டபத்தில் கிறிஸ்துமஸ் பாட்டுப் போட்டி என்று கேள்விப்பட்டதும் எல்லோருக்கும் ஆசை வந்துவிட்டது. கோயிலைத் தாண்டி நாங்கள் எங்கும் பாடியதே இல்லை. ஒரு தடவையாவது மேடை ஏற வேண்டும் என்று துடித்தோம். ஆனால் குழுவாகப் பாட வேண்டுமென்றால் ஒவ்வொருவரும் தன் எண்ணைக் கொடுத்து, போட்டி நடத்துகிறவர்களுடைய ஆப்பில் சேர வேண்டுமாம்.

எல்லோரும் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக் கடலையை வாயில் போட்டுக்கொண்டிருந்தபோது விஷயத்தைச் சொன்னேன்.

"ஓடிபி கேக்குமா? அப்ப நான் வரலக்கா."

"யாருன்னே தெரியாதவங்க கிட்ட நம்பரைக் குடுத்துட்டு, அப்புறம் யாரு பேஜார் படறது?"

எங்களில் மூத்தவர் சுலபமாக ஒரு வழி சொன்னார். "எல்லாருக்கும் உன் நம்பரையே போட்டுடும்மா. உன்னைத்தான் எங்களுக்குத் தெரியுமே. கேஸ் சிலிண்டருக்கே நான் பக்கத்து வூட்டு நம்பர்தான் குடுத்துக்கினு இருக்கேன்."

எங்கள் பக்கத்தில் இது பழைய பழக்கம். ஒரு காலத்தில் கல்யாணப் பத்திரிகையிலேயே பக்கத்து வீட்டு எண்ணைப் போட்டு, அருகில் பி.பி. என்று அச்சடித்தவர்கள் நாங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அந்த ஆப்பில் சேர்ந்தேன். என் பெயரை ஏற்றுக்கொண்டது. இரண்டாவது பெயருக்கும் அதே எண்ணைப் போட்டதும், இந்த எண்ணில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார் என்று முரண்டு பிடித்தது. கடைசியில் தனிப்பாடல் போட்டியில் என் பெயரை மட்டும் பதிய முடிந்தது.

"நேர்ல போய்ப் பேசிக்கலாம்" என்றார்கள் அத்தனை பேரும். நேரில் பேசித் தீராத விஷயம் உலகத்தில் உண்டு என்பதை இவர்கள் ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள்.

ஒரே நிறத்தில் புடவை கட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். மண்டப வாசலில் ஒரு பெண் கையில் டேப்லெட்டோடு நின்று பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். என் பெயரைப் பார்த்தாள். எங்கள் ஏழு பேரையும் பார்த்தாள்.

"தனிப்பாடல்னு இருக்கேங்க. ஒருத்தர்தானே பாடணும்?"

இத்தனை தூரம் வந்து வாசலோடு திரும்ப வேண்டியதுதான் என்று நினைத்தேன். மூத்தவர் என்னை விலக்கிக்கொண்டு முன்னால் போனார்.

"நீ எந்த ஊரும்மா?"

"கண்டமங்கலம்ங்க."

"அட, எங்க நாத்தனாரைக் கட்டிக்குடுத்த ஊராச்சே! எந்தத் தெரு?"

அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணின் அம்மா வரைக்கும் விசாரித்து முடித்துவிட்டார். நாத்தனார் வீடு அவர்களுக்குப் பின்தெருவாம். அவள் சிரித்துக்கொண்டே உள்ளே ஓடி, யாரையோ கேட்டுவிட்டு வந்தாள்.

"தனியாப் பாடறவங்க கூடப் பாட ஆள் வெச்சிக்கலாமாம். எத்தினி பேருன்னு ரூல்ஸ்ல இல்லீங்க. ஜல்தி வாங்க!"

மைக்கில் என் பெயரை மட்டும் கூப்பிட்டார்கள். ஏழு பேர் மேடை ஏறினோம். கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் நாங்கள் பாட ஆரம்பித்துவிட்டோம். இரண்டாவது அடிக்குள் அந்தக் கூட்டமே தாளத்துக்குக் கை தட்டத் தொடங்கியது. எங்களுக்கு இவ்வளவு குரல் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. பரிசு எதுவும் வரவில்லை. வாங்கியவர்கள் யார் என்றுகூட நாங்கள் கேட்கவில்லை, அப்படி ஒரு சந்தோஷம்.

இறங்கி வந்ததும் அந்தப் பெண், "வீடியோ எடுத்திருக்கேன், நம்பர் சொல்லுங்க, அனுப்பறேன்" என்றாள். நான் முந்தி நான் முந்தி என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். செல்போனே இல்லாதவள் என்று நான் நம்பியிருந்த ஒருத்தி பத்து இலக்கத்தையும் கடகடவென்று ஒப்பித்தாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"இத்தினி வருஷமா கூடப் பாடறேன். எனக்கு ஒரு நாளாவது நம்பர் குடுத்திருப்பியா நீ?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"நீதான் தெனமும் பாட்டுக்குக் கூப்பிட வாசல்ல வந்து நிக்கிறியேக்கா, உனக்கு எதுக்கு நம்பர்?"