மூன்றாவது ஊசி

மாயவன் எனக்கு நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் தரவேண்டியிருந்தது. கொக்கிலமேட்டில் எனக்குக் கடன்படாதவன் குறைவு. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு, கோவளத்தில் மீன்கூடை சுமந்து, இரண்டு லாரி வாங்கியவன் நான். கொடுத்ததைக் கேட்டு வாங்கத் தெரியும். இதை மட்டும் கேட்கவில்லை.

அது அவன் மனைவி வச்சலாவின் உயிருக்குக் கொடுத்த பணம். என் கொட்டகையில் இறால் உரித்தவள். அந்தக் கை வேகம் வேறு எவளுக்கும் கிடையாது, பழக்கியது நான். முப்பது வயதில் இரண்டு கிட்னியும் போய், அக்காள் ஒன்று கொடுத்தாள். அந்தக் கிட்னியை உடம்பு ஒதுக்கிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைக்கும் மாத்திரையை ஆயுசுக்கும் விழுங்க வேண்டும்.

2002-ல் பக்கத்துக் குப்பங்களில் சின்னம்மை போட்டது. வச்சலாவுக்கு அது வந்ததே இல்லை. என் வண்டியிலேயே செங்கல்பட்டு டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

"ஒசத்தியா ஊசி போடு சார். துட்டு நான் குடுக்கறேன்."

"இவங்களுக்குப் போடக்கூடாதுங்க. அதுல இருக்கிறது உயிருள்ள கிருமி. நம்மள ஒண்ணும் பண்ணாது. இந்த மாத்திரை சாப்பிடற உடம்பு தாங்காது. மாத்திரைக்கு முன்னாடியே போட்டிருக்கணும். இப்போ வீட்டுல இருக்கிறவங்களுக்குப் போடுங்க. அவங்க கொண்டாந்து ஒட்டவைக்காம இருந்தா போதும்."

வீட்டில் மாயவனும் இரண்டு பையன்களும். யாருக்கும் அம்மை வந்ததில்லை. ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு. அன்றைக்கே மாயவன் கையில் கொடுத்தேன். மறுநாள் பிள்ளைகளோடு போய்வந்தான். வாசலிலேயே வச்சலா பிடித்துக்கொண்டாள்.

"இன்னாய்யா, ஊசின்னா கடலுக்கு ஓடுவியே, போட்டுக்கினியா?"

"போட்டுக்கினேன் போ. பசங்கதான் அழுதானுங்க."

"எங்க, கையக் காட்டு."

"உனக்கு வேற வேலை இல்ல."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பாத்தியா நைனா, எனக்கு மூணு போலீஸ்காரனுங்க!"

அடுத்த மாதம் மாயவன் காய்ச்சலோடு கரையேறினான். முதுகில் கொப்புளம். ஊசி போட்டவனுக்கு அம்மை எங்கே வரப்போகிறது, வெயில் கொப்புளம்தான் என்று வச்சலா வேப்பிலை அரைத்து, தன் கையாலேயே தடவிவிட்டாள். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இரண்டு வாரத்தில் அவளுக்குக் கண்ணிமை வரைக்கும் அம்மை போட்டுவிட்டது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். நுரையீரலுக்கு இறங்கிவிட்டது என்றார்கள். எவ்வளவு ஆனாலும் நான் கட்டுகிறேன் என்றேன். பெரிய டாக்டர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "இனி பணத்தால ஒண்ணும் ஆகாதுங்க." என்னிடம் அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

வராந்தாவில் மாயவன் சுவரோடு உட்கார்ந்திருந்தான்.

"நான் போட்டுக்கல நைனா. பசங்களுக்கு மட்டும்தான். போட் என்ஜின் படுத்துகினு இருந்திச்சி, என் ஊசித் துட்டு அதுக்குப் போச்சு. அடுப்பு எரியணுமே. இந்த வயசுல எனக்கு இன்னா வரப்போவுதுன்னு இருந்துட்டேன்."

"அவகிட்ட சொன்னியா?"

"இப்போ சொன்னா அவளுக்குக் கேக்குமா?"

விடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

காரியம் முடிந்ததும் மாயவன் என்ஜினை விற்றான். லாரியில் ஐஸ் ஏறிக்கொண்டிருந்தபோது வந்தான்.

"கைய நீட்டு நைனா."

"வேணாம்டா. பசங்களுக்கு வெச்சுக்கோ."

"நீட்டு நைனா."

நீட்டினேன். மூவாயிரத்தை மொத்தமாக வைத்தான். "இது பசங்களுது."

பிறகு மூன்று ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து, வாய்விட்டு எண்ணி, ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வைத்தான்.