டிரம் தகட்டில் கேம்ப் பஸ்

கம்பெனியில் கார்மேகம் வெல்டர். லீவு கிடைத்தால் வேறு ஆள். ஷார்ஜாவில் தொழிலாளர் கேம்ப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, காலி எண்ணெய் டிரம்மின் இரண்டு மூடிகளையும் வெட்டி எடுப்பான். உடம்பைக் கிழித்து, ஏறி மிதித்துத் தட்டையாக்குவான். சாக்பீஸால் வரைந்த கோட்டின் மேல் உளி நடக்கும். ஹைத்தி நாட்டுச் சிற்பி ஒருவர் இப்படிச் செய்வதைப் போனில் பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்டது. வெல்டர்தான், ஆனால் அவன் தகட்டில் ஒரு ஒட்டுகூட இருக்காது.

இம்முறை வெட்டியது, ஆட்களை வேலைக்கு ஏற்றிப்போகும் கேம்ப் பஸ். ஜன்னலுக்கு ஒரு முகம், எல்லாம் கண்ணாடியில் சாய்ந்து தூங்கும் முகங்கள். ஆபீஸ் இன்ஜினியர் அருணா அதைத் துபாய்க் கண்காட்சிக்குக் கேட்டிருந்தார். எடுத்துப்போக நாளைக் காலை வண்டி வரும். இந்த வாரம் லீவு போட்டுப் பகலெல்லாம் தட்டியும், கடைசி ஜன்னல் பாக்கி.

மெஸ் பார்க்கும் நுஃமான் டீயோடு வந்தார்.

"நேத்து நைட் டூட்டில மணிமாறன் கிரேன்ல கண்ணசந்துட்டானாம். பீம் ஆடி, கீழ நின்னவன் மயிரிழைல தப்பிச்சான். ஃபோர்மேன் ஆபீசுக்குச் சொல்லாம அமுக்கி வெச்சிருக்கான்."

"உடம்பு சரியில்லையா பாய்?"

"உடம்புக்கென்ன? பகல்ல தூங்குற பய. அவன் கட்டிலு இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம். நீ இந்தப் பக்கம் கல்யாண மேளம் கொட்டுற."

கார்மேகம் அவன் ரூமுக்கு ஓடினான். மணிமாறன் காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு விழித்துக் கிடந்தான்.

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா நிறுத்திருவீங்கண்ணே. போங்க, தட்டுங்க. தாளம் பழகிருச்சு."

பழகவில்லை. கண்கள் செக்கச்சிவந்திருந்தன.

திரும்பி வந்து ஒரு அடி அடித்தான். சுவருக்கு அப்பால் கட்டில் கிரீச்சிட்டது. உளியைக் கீழே வைத்தான். தகட்டோடு கேட்டைத் தாண்ட வாட்ச்மேன் விடமாட்டான். உள்ளே எங்கே உட்கார்ந்தாலும் நைட் டூட்டிக்காரன் ஒருவனின் சுவர். ராத்திரி தட்டினால் பகல் டூட்டிக்காரர்களின் தூக்கம் போகும்.

அருணாவுக்குப் போன் போட்டான்.

"மேடம், ஒரு முகம் முடியல. அடுத்த வாரம்..."

"வண்டி நாளைக்குத்தான் கார்மேகம். அரைகுறையா எடுக்க மாட்டாங்க. என்னாச்சு?"

மணிமாறன் பெயரைச் சொன்னால் அவனைக் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள்.

"கை வலி மேடம்."

"சரி, வேற யாரையாவது பாக்கறேன்." குரலில் சலிப்பு.

சாயங்காலம் மணிமாறன் ஹெல்மெட்டோடு வந்தான்.

"முடிச்சிட்டீங்களாண்ணே? சத்தமே இல்ல, அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்டேன்."

"முடிச்சாச்சு."

"காட்டுங்களேன்."

"பேக் பண்ணிட்டேன்டா. பஸ் நிக்குது பாரு, ஓடு."