இறுகிய போல்ட்டுகளும் இரண்டு நிபுணர்களும்

எங்கள் காரின் என்ஜினை இறக்கித்தான் ஆகவேண்டும் என்று மெக்கானிக் சொன்னபோது, வண்டியை அவரிடமே விட்டுவிடலாம் என்றேன். என் கணவரும் என் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத இரண்டு பேர், அன்றைக்குப் பார்த்து ஒத்துப்போனார்கள். என்ஜினை வீட்டிலேயே கழற்றி, அதை மட்டும் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று முடிவானது.

கணவர் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர். அண்ணன் கோச்சடையில் இருந்துகொண்டு போர்வெல் மோட்டார் தூக்கி இறக்கும் தொழில் செய்கிறார். இவரிடம் தத்துவம் இருந்தது, அவரிடம் இரும்பு முக்காலியும் சங்கிலி போட்டுத் தூக்குகிற செயின் பிளாக்கும் இருந்தன. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று இருவரும் நினைத்தார்கள்.

"நானூறு அடி ஆழத்துல கெடக்குற மோட்டாரையே மேல கொண்டாறோம். இது கண்ணு முன்னாடி இருக்கு," என்றார் அண்ணன். 

சனிக்கிழமை காலையில் எங்கள் திருநகர் வீட்டு வாசலில் வேலை தொடங்கியது. பேட்டரியைக் கழற்றிய இடத்தில் கணவர் கைப்பேசியைச் சாய்த்து வைத்து ஒரு வீடியோவை ஓடவிட்டார். அதில் ஒரு வெள்ளைக்காரர், சட்டையில் கறை படாமல், ஸ்பேனரை வைத்து இரண்டு விரலால் திருப்பினார். போல்ட் சுழன்று வந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. எங்கள் வண்டியோ, வாங்குவதற்கு முன் வைகைக் கரைப் பக்கம் ஒரு காலி மனையில் பல மழைக்காலம் நனைந்துகொண்டு நின்றது. அதன் போல்ட்டுகளுக்கும் அந்த வெள்ளைக்காரருக்கும் எந்த ஒப்பந்தமும் கிடையாது.

முதலில் தகராறு செய்தது சைலன்சர் குழாயை என்ஜினோடு பிணைக்கிற போல்ட். துருப்பிடித்து, எது போல்ட் எது குழாய் என்று பிரித்துச் சொல்ல முடியாமல் இருந்தது. துருவை இளக்கும் ஸ்பிரேயை அடித்துவிட்டு அரைமணி நேரம் பொறுக்க வேண்டும் என்று டப்பாவில் போட்டிருந்தது. காபி குடித்து முடிக்கும்வரை பொறுத்தார்கள். பிறகு அண்ணன் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினார். ஸ்பேனர் வழுக்கி, போல்ட் தலையின் முனைகள் மழுங்கின.

அப்போதுதான் கணவர் நெம்புகோலைப் பற்றி விளக்கினார். பிடி நீளமாக ஆக, போடவேண்டிய பலம் குறைந்துகொண்டே போகுமாம். வகுப்பில் நிற்பது போலவே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னார். அண்ணன் தண்ணீர்க் குழாய் ஒன்றை எடுத்துவந்து ஸ்பேனரில் சொருகினார். இருவரும் சேர்ந்து மிதித்தார்கள். 'டக்' என்று ஒரு சத்தம். ஸ்பேனர் வெண்ணெயில் சுற்றுவது போலச் சுற்றியது. கணவர் முகம் மலர்ந்துவிட்டது. வெளியே எடுத்துப் பார்த்தால், ஸ்பேனருக்குள் போல்ட்டின் தலை மட்டும் இருந்தது.

"கழண்டுருச்சு மாப்ள," என்றார் அண்ணன்.

"பாதி கழண்டுருக்கு மச்சான்," என்றார் கணவர்.

ஆனால் தலை போனதால் குழாய் தானாகவே நழுவி வந்தது. இதை அவர்கள் வெற்றியாக எடுத்துக்கொண்டார்கள். உள்ளே மாட்டிக்கொண்ட துண்டைப் பட்டறையில் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். அதற்குப் பிறகு ஒடிப்பதே முறையாகிவிட்டது. ஒவ்வொரு 'டக்'குக்கும் இருவரும் தலையசைத்துக்கொண்டார்கள்.

ஒரு போல்ட் மட்டும் ஒடியவும் மறுத்தது. சூடு காட்டலாம் என்று அண்ணன் கேஸ் டார்ச்சை எடுத்தார். அதுவரை நிலைப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நான் எழுந்துபோய் அவர் கையிலிருந்த லைட்டரைப் பிடுங்கிக்கொண்டேன்.

"பெட்ரோலு கெடக்குற வண்டிண்ணே. நெருப்பு வச்சியன்னா வீடும் சேந்து கழண்டுரும்."

அண்ணனுக்கு வருத்தம்தான். ஆனாலும் இரும்பு அறுக்கும் கட்டிங் மெஷின்காரரைக் கூட்டிவரலாம் என்று நான் சொன்னதற்குச் சம்மதிக்கவில்லை. மறுபடியும் தண்ணீர்க் குழாய், மறுபடியும் மிதி. அதுவும் ஒடிந்தது.

சாயங்காலம் முக்காலியை நட்டுச் சங்கிலியை மாட்டினார்கள். எதிர்வீட்டில் இருக்கும் சௌராஷ்டிரப் பெரியவர், ஜவுளிக்கடையை மகனிடம் விட்டுவிட்டு ஓய்வில் இருப்பவர், நாற்காலியைத் தன் கேட்டுக்கு வெளியே போட்டு உட்கார்ந்துவிட்டார். அண்ணன் சங்கிலியை இழுக்க இழுக்க, என்ஜின் ஒரு சாண் உயர்ந்தது. கணவர் கைதட்டப் போனார்.

"என்ஜின் வருது தம்பி," என்றார் பெரியவர் நிதானமாக. "காரும் கூடவே வருதே."

முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பி நின்றன. முக்காலியின் ஒரு கால் மெல்ல மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. "முதல்ல எறக்குங்க, பெறகு பேசலாம்" என்றேன். இறக்கினார்கள். பிறகு, எந்த போல்ட்டை யார் விட்டது என்று இருவரும் பேசினார்கள். நிறையவே பேசினார்கள். அவர்கள் பேசி முடிப்பதற்குள் நான் குனிந்து டார்ச் லைட் அடித்துப் பார்த்துவிட்டேன். கியர்பாக்ஸுக்கு அடியில் ஒரு தடித்த போல்ட், ஸ்பேனரே படாமல், துருவேறி இறுகி அப்படியே இருந்தது. அவர் எடுத்திருப்பார் என்று இவரும், இவர் எடுத்திருப்பார் என்று அவரும் இருந்திருக்கிறார்கள்.

இம்முறை நானே போன் போட்டு கட்டிங் மெஷின்காரரை வரவழைத்தேன். பெட்ரோலை வடித்த பிறகுதான் அவர் மெஷினையே இறக்கினார். அவர் அறுத்து முடித்ததும் என்ஜின் தனியாக மேலே வந்து, எண்ணெய் சொட்டச் சொட்டச் சங்கிலியில் ஆடியது. அண்ணனும் கணவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கணவர் அண்ணனின் தோளில் கை போட்டிருந்தார். என் கல்யாணப் போட்டோவில்கூட அவர்கள் அப்படி நிற்கவில்லை. சிரிப்பு வந்தது.

பட்டறையில் ஒடிந்த துண்டுகளை எடுத்துச் சரிசெய்து கொடுத்தார்கள். திரும்ப மாட்டுவதற்கு மெக்கானிக்கே வந்தார். வேலை முடியும்வரை வீட்டு ஆண்கள் வெளியே போயிருந்தால் நல்லது என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டுக்கொண்டார். வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது.

தெருவில் கணவருக்கு மதிப்பு கூடிவிட்டது. என்ஜினையே இறக்கியவர் அல்லவா? போன வாரம் எதிர்வீட்டுப் பெரியவரே வந்து, தன் கேட்டின் கீல் போல்ட் துருவேறி இறுகிவிட்டது, சாரை ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் அனுப்ப முடியுமா என்று கேட்டார். அவரும் அன்றைக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தவர்தான். எனக்கு ஒரு நொடி மனசாட்சி உறுத்தியது. பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீடு அமைதியாக இருக்கும் என்று தோன்றியது.

"அதுக்கென்ன, எங்க அண்ணனையும் சேத்தே வரச் சொல்றேன்," என்றேன்.