ஜமீனுக்கு மனிதர்களைக் காட்டிய மல்லிகா அக்கா

மல்லிகா அக்கா இறந்த செய்தி வந்தபோது என் ஒரு கன்னம் மழிக்கப்பட்டும் மறு கன்னம் நுரையோடும் இருந்தது. சலூன்காரர் கத்தியை அந்தரத்தில் நிறுத்தி, "ஜெராக்ஸ் அக்காவா? நேத்துகூட என்னைத் திட்டுச்சே!" என்றார். செஞ்சியில் பலருக்கும் அக்காவைப் பற்றிய கடைசி நினைவு அதுவாகத்தான் இருக்கும். தாலுகா ஆபீசுக்கு எதிரே இருந்த அந்தச் சின்னக் கடையில் பட்டாவோ ரேஷன் கார்டோ நகலெடுக்கப் போய், அவரிடம் ஒரு வசவாவது வாங்காதவர் இந்தத் தாலுகாவில் இன்னும் பிறக்கவில்லை. நான் வாங்கியதைக் குவித்தால் ராஜகிரிக்குப் பக்கத்தில் இன்னொரு மலை நிற்கும். அதில் பெரும்பகுதி ஒரு நாய்க்குட்டியின் பொருட்டு.

குட்டிக்கு ஜமீன் என்று பெயர் சூட்டியவன் நான். ஏழு கடல் தாண்டி ஆள வேண்டிய களை அதன் முகத்தில் இருந்தது. ஆனால் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் ஜமீன் பீரோவுக்கு அடியில் போய்த் தரையை நனைத்துவிடுவார். யாராவது குனிந்தால் பல்லைக் காட்டுவார். மகள் கவிதா பிரசவத்துக்கு வரவிருந்த நேரம் அது. என் மனைவி தீர்ப்பை வாசித்துவிட்டாள்: "பொண்ணு வர்றதுக்குள்ள இது மனுசங்ககிட்ட பழகணும். இல்லன்னா அனந்தபுரத்துல எங்கண்ணன் கொல்லைக்குப் போவட்டும். மோட்டார் கொட்டாயாண்ட கட்டிப் போட்டா காவலுக்கு ஆவும்."

சங்கிலியில் ஒரு ஜமீன்! பொறுப்பேனா? மனிதர்களோடு பழக வேண்டுமென்றால் மனிதர்களைக் கூட்டி வருவதுதானே முறை? ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவையே திரட்டினேன். மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டம் என் வீட்டுக் கூடத்தில் நின்றது. ஜமீன் கை மாறிக் கை மாறிப் போனார். கொஞ்சினார்கள், முத்தம் கொடுத்தார்கள், செல்ஃபி எடுத்தார்கள். விழா முடிந்தபின் ஜமீன் முழுநேரமும் பீரோவின் பிரஜையாகிவிட்டார். சோறு தண்ணீர்கூட அங்கேயே போக வேண்டியிருந்தது.

இந்த வெற்றியை நான் அக்காவிடம் விவரித்தபோது அவர் மெஷினை நிறுத்திவிட்டார்.

"இன்னாப்பா இது? பொண்ணு பாக்க வந்தாப்ல ஊரே சுத்தி நின்னா? அந்தப் பொண்ணாச்சும் காபியைக் குடுத்துட்டு உள்ள ஓடிடும். இது எங்க ஓடும்?"

"நீங்க நாய் வளத்திருக்கீங்களாக்கா?"

"இல்ல. ஆனா மூஞ்சிக்கு நேரா எவனாச்சும் வந்து நின்னா எனக்கே கடிக்கத் தோணுது. காலைல இங்க கொண்டாந்து உடு."

அப்படித்தான் ஜமீன் ஜெராக்ஸ் கடையில் சேர்ந்தார். மேஜைக்கு அடியில் பழைய சாக்கு, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு டப்பா நிறையப் பொறை ரொட்டி. கடைக்கு ஒரே ஒரு சட்டம்: குட்டியைத் தொட்டால் ஜெராக்ஸ் கிடையாது. தன் குரலால் நீதிமன்றத் தூண்களையே நடுங்க வைப்பார் என்று நான் நம்பும் ஒரு வக்கீல், "நாய்க்குட்டிதானேம்மா?" என்று குனிந்தார்.

"சார், அதப் பாக்காதீங்க. உங்க பத்திரத்தப் பாருங்க. கறுப்புக் கோட்டப் போட்டுக்கினு மேல கவுந்தா அதுக்கு இன்னான்னு தெரியும்? திரும்பி நில்லுங்க. கையக் கீழ உடுங்க. வர்றதுன்னா வரும்."

வக்கீல், வகுப்பில் தண்டனை பெற்ற பையனைப் போலச் சுவரைப் பார்த்து நின்றார். நகல் எடுத்து முடியும் வேளையில், சாக்கிலிருந்து ஒரு மூக்கு நீண்டு அவர் விரலை முகர்ந்தது. அக்கா ஒரு துண்டுப் பொறையை அந்த விரலுக்குக் கொடுத்தார். வழக்கில் ஜெயித்தபோதுகூட அந்த மனிதர் முகம் அப்படி மலர்ந்திருக்காது.

ஹெல்மெட்டைக் கழற்றாமல் வருபவர், குடை பிடித்தவர், பர்தா அணிந்தவர், கோல் ஊன்றியவர், முகமெல்லாம் மஞ்சள் பூசி மலையனூர் பஸ்ஸுக்குப் போகிறவர் என்று உலகமே வரிசையில் வந்து சுவரைப் பார்த்து நின்றது. குட்டி ஒடுங்கினால் அக்கா எனக்குப் போன் போடுவார். "இன்னிக்கு அதுக்கு இவ்ளோதான் மனசு. தூக்கினு போ." எனக்கு அவசரம் தாங்காது. இன்னும் ஒரே ஒருவரைக் காட்டலாமே என்பேன். "உனக்கு நாய் வேணுமா, பரிச்சை ரிசல்ட் வேணுமா?" என்பார்.

ஜமீன் தேறிவிட்டார் என்று நான் முரசறைந்திருந்த நாளில் மருமகன் கவிதாவை அழைத்துக்கொண்டு வந்தார். இரண்டு கையிலும் பெட்டி. ஜமீன் குரைத்த குரைப்பில் திண்டிவனம் வரை பஸ்கள் நின்றிருக்கும். மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அனந்தபுரம் தெரிந்தது. அந்த நேரம் பக்கத்து வீட்டுக்காரர் யாருடைய கல்யாணப் பத்திரிகையையோ கையில் வைத்துக்கொண்டு உள்ளே வர, ஜமீன் வாலை ஆட்டி அவர் காலடியில் போய் உட்கார்ந்தார். எனக்குச் சட்டென்று விளங்கியது. ஒரு பெட்டியை வாங்கிக்கொண்டு, அன்றைய பேப்பரை மடித்து மருமகன் கையில் திணித்தேன். ஜமீன் அவர் முழங்காலை நக்கினார்.

அக்காவிடம் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் கோட்டை மதிலில் இரண்டு கல் ஆடின. "ஆமாம்பா! எங் கடைக்குக் காயிதமில்லாம எவன் வரான்? தப்பு என்னுதுதான். கையில காயிதம் இருந்தாதான் மனுசன்னு அது நெனச்சிக்கிச்சு."

எதற்கும் கடை மூடாத மனுஷி, அன்று முதல் மாலையில் சீக்கிரமாக ஷட்டரை இறக்கினார். பஸ் ஸ்டாண்டு சிமெண்டு பெஞ்சில் குட்டியோடு உட்கார்ந்து வெறுங்கை வீசி நடக்கும் மனிதகுலத்தை அதற்குக் காட்டினார். பேத்தி பிறந்து வீட்டுக்கு வந்த நாளில் ஜமீன் தூளியை ஒரு சுற்று முகர்ந்துவிட்டுக் கீழே படுத்துக்கொண்டார். மனைவி நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, "சரி, இருந்துட்டுப் போவட்டும்" என்றாள். அக்காவுக்கு அதைச் சொல்ல நான் ஓடிய ஓட்டத்தில் செருப்பு அறுந்தது. அவர் கேட்டுக்கொண்டு, "சில்லறையா குடு" என்றார், பின்னால் நின்றவரிடம்.

அதே ஜமீன் அக்காவின் சாவு வீட்டுக்கும் என் பின்னாலேயே வந்துவிட்டார். அக்காவின் கணவர், நாங்கள் மாமா என்று கூப்பிடுபவர், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை என்றார்கள். அவரைச் சுற்றி ஊரே குனிந்து நின்றது. "அழுதுடு மாமா." "ஒரு வாய் காபி குடி." அவர் இன்னும் ஒடுங்கினார். நானும் ஒரு மாபெரும் ஆறுதல் உரையோடுதான் போயிருந்தேன். வாயைத் திறக்கும்போது, "மூஞ்சிக்கு நேரா" என்ற அக்காவின் குரல் காதில் விழுந்தது. அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்தேன்.

பறை முழங்கிக்கொண்டிருந்தது. ஜமீன் அத்தனை கால்களுக்கும் நடுவே நிதானமாக நுழைந்து வந்து மாமாவின் பாதத்தில் முகவாயை வைத்தார். மாமா கையில் காகிதமும் இல்லை, பொறையும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கை இறங்கி அதன் தலையில் நின்றது.

"டப்பாவுல பொறை வாங்கி வச்சிருக்கா" என்றார் மாமா. "யாராச்சும் எடுத்துக் குடுங்க இதுக்கு."

அதன்பிறகுதான் அவர் அழுதார்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு வாக்கியம். 'வர்றதுன்னா வரும்.' போன வாரம் வந்திருந்த பேத்தி என் மீசையைக் கண்டு கதறினாள். என் கம்பீரத்தையெல்லாம் மடித்து வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, கையைக் கீழே விட்டேன். ஜமீன் பக்கத்தில் படுத்துக்கொண்டார். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஈரமான ஒரு சின்னக் கை என் விரலைப் பிடித்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை, அக்கா.