தன் பெயரைத் தானே வாசித்த குரல்

சில வருடங்களுக்கு முன்பு, பெங்களூரில் ஓர் ஓட்டல் அரங்கில், கணினித் துறையில் சாதித்த பெண்களுக்கான விருது விழா. பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகம் வாசித்துக் காட்டும் மென்பொருளுக்காக எனக்கும் என் தோழிக்கும் சேர்த்து விருது. ஆனால் தோழி இல்லை. முந்தைய வருடம் டெங்கு அவளைக் கொண்டுபோய்விட்டது. அவள் விருதை வாங்க அவளுடைய அம்மாவை கோலார் தங்கவயலிலிருந்து நான்தான் வற்புறுத்தி வரவழைத்தேன்.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. குரல் கொடுக்க வெளியாள் கிடைக்கும்வரை எங்களில் ஒருத்தி பேசிப் பதிவு செய்வாள். பிறகு எதை டைப் செய்தாலும் மென்பொருள் அந்தக் குரலிலேயே வாசிக்கும். அப்படிப் பேசியவள் தோழி. பின்னால் அதை மாற்றிவிட்டோம். விருது பெறுபவர்களின் பெயர்களை உங்கள் மென்பொருளே வாசிக்கட்டும் என்று விழாக்காரர்கள் கேட்டபோது பெருமையாகத் தலையாட்டினேன். மேடைக் கணினியில் இருந்தது பழைய பதிப்பு என்று ஒருவரும் கவனிக்கவில்லை.

என் பெயரைக் கூப்பிட்டது அவள். முன்வரிசையில் இருந்த அவளுடைய அம்மா சட்டென்று திரும்பி வாசலைப் பார்த்தார். நிறுத்தச் சொல்லி நான் சைகை காட்டுவதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது. 'காலஞ்சென்ற' என்று தொடங்கி, தன் பெயரைத் தானே பிசிறில்லாமல் வாசித்தாள். அரங்கம் கைதட்டியது. அவர்களுக்கு என்ன தெரியும்!

விருதோடு இறங்கிய அம்மா நேராக என்னிடம் வந்தார். பெற்ற வயிற்றில் நெருப்பை அள்ளிக் கொட்டிவிட்டேனே என்று மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"அது எது சொன்னாலும் பேசுமா?"

"டைப் பண்ணா பேசும், ஆன்ட்டி."

"என்னைக் கூப்பிடச் சொல்லும்மா."

மேடைக்குப் பின்னால் அழைத்துப்போய், ஹெட்போனை மாட்டிவிட்டு, 'அம்மா' என்று டைப் செய்தேன். கண்ணை மூடிக் கேட்டார். இன்னொரு தடவை கேட்டார். பிறகு கழற்றி என் கையில் வைத்தார்.

"குரல் அவளுதுதான். ஆனா அவ சுள்ளுனுதான் கூப்புடுவா. இவ்ளோ பொறுமையா ஒருநாளும் கூப்ட்டதில்ல. இது யாரோம்மா. நிறுத்திடு."

அன்றைக்கே அந்தக் குரலை அழித்துவிட்டேன். இப்போதெல்லாம் என் மகள் எரிச்சலோடு "அம்மா!" என்று கத்தினால் எனக்குக் கோபமே வருவதில்லை, இருக்கிறாள் என்ற நிம்மதிதான் முதலில் வருகிறது.