பார்க்க மட்டும் அனுமதி

கிள்ளானில் எங்கள் தேவாலயத்துக்குக் கூரை போட்டவன் நான். பக்கத்து ஊர் மேருவிலிருந்து மணல் லோரியையும் நானேதான் ஓட்டிவந்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் கட்டிய சுவர் இன்றுவரை கீறல் விடவில்லை.

இப்போது சபை விவரமெல்லாம் கம்ப்யூட்டரில். யார் எதைத் திறக்கலாம் என்று முடிவுசெய்பவர் ஆபீஸ் அம்மா. ஒல்லியானவர், பதில் சொல்லுமுன் கீபோர்டைத் துடைப்பார். சபை வரலாற்றில் "கமிட்டி கட்டியது" என்றிருந்தது. என் பெயரைச் சேர்க்கப் பார்த்தேன், முடியவில்லை.

"உங்களுக்குப் பார்க்க மட்டும்தான் பெர்மிஷன் லா, அங்கிள். மாத்த முடியாது," என்றார், துடைத்துக்கொண்டே.

நேரம் வரட்டும் என்று காத்திருந்தேன். ஏர்கான் போட்டவன் என் கூரையில் ஓட்டை போட்டுவிட்டான். மழையில் அந்த அம்மா மேசை மேலேயே ஒழுகியது. கூப்பிட்டார். போய், நாற்காலியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தேன்.

"ஏறலையா அங்கிள்?"

"எனக்குப் பார்க்க மட்டும்தான்மா பெர்மிஷன்."

அவர் கோபப்படவில்லை. வாளியை வைத்தார், கீபோர்டைத் துடைத்தார். "அப்ப நல்லா பாருங்க அங்கிள்," என்று எனக்குப் பால் சேர்க்காத தே ஓ ஒன்று வேறு கலக்கித் தந்தார். அந்த அம்மா எப்படிப்பட்டவர் என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

ஆனாலும் விடமாட்டேன். கூரை போட்டவன் பெயரை வரலாற்றில் எழுதட்டும். அப்புறம் ஏணியைக் கொண்டுவருகிறேன்.